எடுக்கப்பட்ட ஐந்து வரிகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குருவிநத்தம் தங்கவேல் தன் மோட்டார் கொட்டகைக்குள் செத்துக் கிடந்தார். வலது கை வயரைப் பிடித்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் எதுவும் நடக்காத மாதிரி கரும்புக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

முதலில் பார்த்தவள் அவர் மனைவி செல்வகுமாரி. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வயல்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் மெயின் சுவிட்சை இறக்கினார். இன்னொருவர் காய்ந்த மூங்கிலால் கையைத் தட்டிவிட்டார். மினி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே செல்வகுமாரி தன் கொழுந்தன் அருள்முருகனைக் கை நீட்டிக் காட்டினாள்.

"இவந்தான் சார்! இவந்தான் போன் போட்டு மோட்டார ஓட வுட்டான்! எங்க வூட்டு வெளக்க அணச்சிட்டான்!"

அண்ணன் தம்பிக்கு அப்பா விட்டுப்போனது ஒரே ஒரு போர்வெல். ஒரு நாள் அண்ணன் முறை, ஒரு நாள் தம்பி முறை. தண்ணீருக்காக இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மோட்டாருக்கு ஒரு செல்போன் பெட்டி மாட்டியிருந்தார்கள். அண்ணன், தம்பி இரண்டு பேர் நம்பரும் அதில் உண்டு. பெட்டிக்கு ஒரு போன் அடித்தால் மோட்டார் ஓடும். பூட்டச் சொல்லி மெசேஜ் அனுப்பினால் பூட்டிக்கொள்ளும். திறக்கும்வரை யார் அடித்தாலும் ஓடாது. பூட்டு இல்லாத நேரத்தில் த்ரீ பேஸ் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், தானாகவே ஓட ஆரம்பித்துவிடும்.

அன்று காலை ஆறே காலுக்கு அருள்முருகன் பெட்டிக்குப் போன் அடித்திருந்தான். அவன் போனிலேயே பதிவு இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு அது போதும். மத்தியானமே அவனைக் கொண்டுவந்து லாக்கப்பில் உட்கார வைத்துவிட்டார். அண்ணன் உடல் சாயந்திரம் ஆற்றங்கரையில் எரிந்தபோது தம்பி கம்பிக்குப் பின்னால் இருந்தான். தங்கவேலுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளிச் சட்டியைத் தன் தம்பி நவீன்குமார் கையில் கொடுத்தாள் செல்வகுமாரி. பங்காளிகள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சப்-இன்ஸ்பெக்டர் ஜெயசுதாவின் மேஜையில் ஃபைல் வந்து விழுந்தது.

"மத்தியானத்துக்குள்ள எழுதி முடிச்சிடும்மா. மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குக் கொண்டுபோவணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜெயசுதா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள். படிப்புக்கேற்ற வேலை நாலு வருடம் கண்ணாமூச்சி காட்டியதில் போலீஸ் பரீட்சை எழுதினாள். ஸ்டேஷனில் பிரிண்டர் மக்கர் செய்தால் மட்டும் அவள் படிப்பு எல்லோருக்கும் ஞாபகம் வரும். எதையும் நம்புவதற்கு முன்னால் ஒருதரம் பிரித்துப் பார்க்கிற புத்தி அவளுக்கு. அதனால் அருள்முருகன் முன்னால் போய் நாற்காலியைப் போட்டாள்.

"போன் அடிச்சியா?"

"அடிச்சேன் மேடம். நேத்து எம் மொற."

"அண்ணன் கொட்டகையில இருந்தது தெரியுமா?"

"சத்தியமா தெரியாது. நான் வூட்லருந்து அடிச்சேன்."

"மோட்டார் ஓடுச்சா?"

"இன்னான்னு தெரியல மேடம். லைன் கட்டாயிடுச்சு. ஒடனே ஒரு மெசேஜ் வந்துச்சு. கட்டம் கட்டமா இருந்துச்சு. போவட்டும், அப்பறமா பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

அவன் போன் பழைய பட்டன் போன். ஜெயசுதா வாங்கிப் பார்த்தாள். பெட்டியிலிருந்து வந்த பழைய மெசேஜ்கள் எல்லாம் இங்கிலீஷில் சுத்தமாகத் தெரிந்தன. கடைசி மூன்று வாரமாக வந்தவை மட்டும் வெறும் கட்டங்கள். தங்கவேலின் போனையும் கேட்டாள். அது வாய்க்காலில் விழுந்து ஊறிப்போயிருந்தது, உயிரில்லை.

"போன் கோளாறும்மா" என்றார் எட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டர்.

"ஒரே போன்ல போன மாசம் இல்லாத கோளாறா சார்?"

அவர் டீ சொல்லப் போனார்.

காலை ஒன்பது மணிக்கு ஜெயசுதா கொட்டகையில் நின்றாள். சுவரில், கரண்டைத் துண்டிக்கப் பிடுங்கும் மூன்று பீஸ் கட்டைகளும் அதனதன் இடத்திலேயே இருந்தன. வயர் ஜாயின்ட் போட உட்கார்ந்த மனுஷன் பீஸைப் பிடுங்கவில்லை.

அங்கிருந்து செல்வகுமாரியிடம் போனாள். சாவு வீட்டில் பத்துப் பெண்களுக்கு நடுவில் அவள் கிடந்தாள். கேட்கவே கூசியது. ஆனாலும் கேட்டாள்.

"பீஸ புடுங்காம வேல செய்வாராம்மா?"

"அவரா? பீஸு கட்டைய புடுங்கி இடுப்புல சொருவிக்கினுதான் கையே வெப்பாரு. எத்தினி வருசமா பாக்குறேன். இப்பதான் கொஞ்ச நாளா வுட்டுட்டாரு. 'பெட்டியே பூட்டிக்குதுடி, பெட்டியே சொல்லிடுது'ன்னாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் வேணும்னுதான் மேடம் செஞ்சான். அவன வுட்டுடாதீங்க."

"அவர வேன்ல ஏத்தினப்ப யாரெல்லாம் கூட போனீங்க?"

"எல்லாரும் போனோம். எந்தம்பி மட்டும் பாகூர்லருந்து அப்பதான் வண்டில வந்து எறங்குனான். 'நீங்க போங்க, நான் கரண்ட பாத்துட்டு வரேன், யாரும் கை வெக்காதீங்க'ன்னான். மாமா மேல உசுரு அவனுக்கு. அரை மணி நேரம் கழிச்சி ஆஸ்பத்திரில வந்து வுழுந்து அழுதான்."

மெயின் சுவிட்சைத்தான் முன்னமே இறக்கியாகிவிட்டதே என்று ஜெயசுதா நினைத்தாள்.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு பாகூர் கடைத்தெருவுக்கு வந்தாள். பெட்டியை விற்றது பக்கீர் முகமதுவின் மோட்டார் கடை. மென்பொருள் ஏற்றுவதும் ரிப்பேர் பார்ப்பதும் அங்கே வேலை செய்யும் நவீன்குமார். பக்கீர் பாய் ஞாயிற்றுக்கிழமையாயிருந்தும் ஷட்டரைத் தூக்கினார். நவீன்குமாருக்கும் போன் போட்டு வரச்சொன்னார். முதல்நாள் கொள்ளி வைத்த பையன், மீசையை மழித்திருந்தான். கண் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பாய், பெட்டியில ஏத்துற மென்பொருள் கடையில இருக்குமா?"

"இருக்கும்மா. யாருக்கு எத ஏத்துனாலும் ஒரு காப்பி கம்ப்யூட்டர்ல கெடக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். பழச அழிச்சிட்டு அப்பறம் நான் யார்கிட்ட போயி நிப்பேன்? எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது, இருக்குதுன்னு மட்டும் தெரியும்."

ஜெயசுதா பெட்டியில் கேபிளைச் செருகி, உள்ளே இருந்த தொகுப்பைத் தன் லேப்டாப்பில் இறக்கினாள். பதிப்பு எண் 2.1. நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு காலியாக இருந்தது. சனிக்கிழமை காலைக்கு முன்னால் இந்தப் பெட்டிக்கு வாழ்க்கையே இல்லை. கரண்ட் அடித்ததில் அழிந்திருக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லுவார்.

கறுப்புத் திரையைத் திறந்தாள். டிஃப் என்று ஒரு கட்டளை உண்டு. இரண்டு தொகுப்புகளைக் கொடுத்தால் எது எதில் மாறுகிறது என்று வரி வரியாகக் காட்டும். பெட்டியில் இருந்ததையும், கடைக் கம்ப்யூட்டரில் இருந்த 2.1-ஐயும் கொடுத்தாள்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. அது ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டும் அச்சு அசல் ஒன்று என்று அர்த்தம்.

"பாத்தீங்களா மேடம், கம்பெனி குடுத்தது அப்படியேதான் இருக்குது" என்றான் நவீன்குமார் மெல்ல.

"ஆமா. அப்படியேதான் இருக்கு. அதான் இடிக்குது."

2.1-இன் மெசேஜ் கோப்பைத் திறந்து காட்டினாள். இருந்ததெல்லாம் இங்கிலீஷ். பட்டன் போனில் அழகாகத் தெரியக்கூடிய இங்கிலீஷ். பிறகு அருள்முருகனின் போனை எடுத்தாள். சனிக்கிழமை காலை வந்த கட்டங்களை அப்படியே தன் போனுக்கு அனுப்பினாள். அந்தப் போனுக்குத்தான் எழுத்துத் தெரியாது. இவள் போனுக்குத் தெரியும்.

மெசேஜ் வந்தது. படித்தாள். பிறகு உரக்கப் படித்தாள்.

"மோட்டார் பூட்டியாச்சு. தைரியமா வேல பாரு மாமா."

பக்கீர் பாய் திரும்பி நவீன்குமாரைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"கம்பெனிக்காரன் யாரையும் மாமான்னு கூப்பிட மாட்டான்" என்றாள் ஜெயசுதா. "இந்த மெசேஜ இப்ப பெட்டிக்குள்ள இருக்கிற பதிப்பு அனுப்பியிருக்க முடியாது. நேத்து காலையில உள்ள வேற ஒண்ணு இருந்துச்சு. எல்லாரும் வேன்ல போனப்புறம் நீ அத எடுத்துட்டு பழச ஏத்திட்ட. பாய், கம்ப்யூட்டர்ல 2.2-ன்னு ஒண்ணு இருக்கான்னு பாக்கலாமா?"

இருந்தது. நவீன்குமார் அதை அழித்திருக்கலாம். அரை நொடி வேலை. அழிக்கவில்லை. ஏன் என்று பின்னால் ஜெயசுதா கேட்டபோது, "மாமாவுக்குன்னு செஞ்சது மேடம்" என்று மட்டும் சொன்னான்.

இந்த முறை 2.1-ஐயும் 2.2-ஐயும் கொடுத்து டிஃப் அடித்தாள். நாற்பது கோப்புகளில் இரண்டில்தான் வித்தியாசம். முதல் கோப்பில் பிளஸ் குறி போட்ட வரிகள் திரை நிறைய ஓடின. எல்லாம் தமிழ். 'கரண்ட் வந்துடுச்சி மாமா.' 'தண்ணி கம்மியா இருக்குது மாமா, மோட்டார நிறுத்திட்டேன்.' ஒரு பையன் தன் அக்கா புருஷனோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது.

இரண்டாவது கோப்பில் பிளஸ் எதுவும் இல்லை. மைனஸ் குறி போட்ட ஐந்து வரிகள் மட்டும். எடுக்கப்பட்ட ஐந்து வரிகள்.

அவள் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு பக்கீர் பாய்க்கும் புரிகிற மாதிரி சொன்னாள்.

"பூட்டின விஷயத்த கரண்ட் போனாலும் மறக்காம எழுதி வைக்கிற வரிங்க இது. இத எடுத்துட்டா கரண்ட் போயி வந்ததும் பெட்டிக்கு பூட்டுனதே ஞாபகம் இருக்காது. நேத்து விடிஞ்சதும் தங்கவேல் பூட்டியிருக்காரு. ஆறே காலுக்கு அருள்முருகன் அடிச்சப்ப பூட்டு இருந்துச்சு. அதனாலதான் இந்த பதில் போச்சு. மோட்டார் ஓடல. அப்பறம் கரண்ட் போயிட்டு வந்திருக்கு. ஊர்ல நாலு பேரக் கேட்டுட்டேன், ஆறரைக்குப் போயி பத்து நிமிஷத்துல வந்துச்சாம். பெட்டி தானா மோட்டார ஓட்டிருச்சு. வயரு அவரு கையில இருந்துச்சு."

நவீன்குமார் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

"ஏன் எடுத்த?"

"எடம் பத்தல மேடம். தமிழ் எழுத்துக்கு எடம் ஜாஸ்தி புடிக்கும். போர்டுல கொஞ்சூண்டுதான் எடம். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மெசேஜ் வந்தா என்கிட்ட எடுத்துக்கினு வருவாரு, 'இன்னாடா சொல்லுது இது'ன்னு. தமிழும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு. மொத மெசேஜ் வந்த அன்னிக்கி அத அஞ்சு தபா படிச்சாரு மேடம். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் காட்டுனாரு. பெரிய போர்டு ஆர்டர் போட்டிருந்தேன். வந்ததும் அந்த அஞ்சு வரிய திருப்பிப் போட்டுடலாம்னு..."

"கரண்ட் போனா பூட்டு மறந்துடும்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"மாமா பீஸ புடுங்காம கையே வெக்க மாட்டாரே மேடம்! அதான இத்தினி வருசமா செஞ்சாரு. அத நம்பித்தான் எடுத்தேன்."

அவர் பீஸைப் பிடுங்குவார் என்று இவன் நம்பினான். இவன் பூட்டியாச்சு என்று சொன்னதால் அவர் பீஸைப் பிடுங்கவில்லை. இங்கிலீஷ் மெசேஜ் வந்தவரை அவருக்கு அது புரியவில்லை. புரியாததால் பயம் இருந்தது. பயம் இருந்தவரை உயிரும் இருந்தது. தைரியமா வேல பாரு என்று மச்சினன் சொல்லவும் மனுஷன் தைரியமாக வேலை பார்த்தார்.

"அது தப்பு. அதுக்கு ஒரு தண்டனை" என்றாள் ஜெயசுதா. குரல் இப்போது கடுமையாகியிருந்தது. "ஆனா பெட்டியில இருந்தத மாத்திட்டு வாய மூடிக்கினு இருந்தியே, அது தப்பு இல்ல நவீன். அது பாவம். ஒன் மாமா கூடப் பொறந்தவன் லாக்கப்ல உக்காந்திருக்கான். அவன் வைக்க வேண்டிய கொள்ளிய நீ வச்ச."

"அக்கா கொண்டாந்து கையில குடுத்துச்சு மேடம். அது மூஞ்சியப் பாத்து நான் எப்படி சொல்லுவேன்?"

ஜெயசுதா லேப்டாப்பை மூடினாள். அவனை ஜீப்பில் ஏற்றினாள். பக்கீர் பாய் லேப்டாப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மத்தியானம் மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குப் போனது வேறு பெயர் எழுதிய காகிதம். அருள்முருகனை வெளியே விட்டார்கள். அவனை ஜெயசுதாவே வீட்டில் கொண்டுபோய் விட்டாள். செல்வகுமாரியிடம் விஷயத்தை வேறு யாரும் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

பெண்களை வெளியே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். செல்வகுமாரி முதலில் நம்பவில்லை. "இல்ல, அவன் இல்ல" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஜெயசுதா தன் போனை அவள் கையில் கொடுத்தாள். செல்வகுமாரி மெசேஜைப் படித்தாள்.

"இது எந்தம்பி பேசுற மாறியே இருக்குது" என்றாள். பிறகு, "அவரு நம்பாம இன்னா பண்ணுவாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. நேற்று அழுத அழுகை மாதிரி இல்லை, சத்தமே வரவில்லை. புருஷனை இழந்தவளுக்குத் திட்டவாவது ஒரு ஆள் இருந்தான். இப்போது அதுவும் இல்லை.

அருள்முருகன் வாசலிலேயே நின்றான். இரண்டு வருடமாக அவன் அந்தப் படி ஏறியதில்லை. அவள் எழுந்து வந்து அவன் முன்னால் நின்றாள். மன்னிப்புக் கேட்பாள் என்று ஜெயசுதா நினைத்தாள். அவள் கேட்டது வேறு.

"எனக்கு வேற நாதி இல்ல அருளு. அவனுக்கு ஒரு வக்கீல் பாக்கணும். நீதான் பாக்கணும்."

அவன் அவளைப் பார்த்தான். சுவரில் மாலை போட்டிருந்த அண்ணன் படத்தைப் பார்த்தான். ஒரு நாள் முழுக்கக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் முகத்தில் என்னென்னவோ மாறி மாறி வந்து போயின. கடைசியில் சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான்.

"வில்லியனூர்ல ஒருத்தரு இருக்காரு அண்ணி" என்றான். "இப்பவே போயிட்டு வந்துடுறேன்."