மேகத்தின் பக்கம் நின்றவன்

கயிற்றைக் காணவில்லை.

நங்கூரக் கல்லில் கட்டும் கயிறு. நேற்று மாலை தோணிக்குள்தான் சுருட்டி வைத்திருந்தான். சிங்காரம் வலையைப் புரட்டினான், பலகையைத் தூக்கிப் பார்த்தான்... இல்லை. குப்பத்துத் தோணிகள் எல்லாம் விடியுமுன்பே ஏரிக்குள் போய்விட்டன, இனி ராத்திரிக்குத்தான் திரும்பும். கரையில் மிச்சம் அவனுடையது மட்டும்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது.

குப்பத்துக்குப் பின்னால் ஒரு புன்னை மரம். அதன் கிளையில் அவனுடைய கயிறு ஊஞ்சலாகத் தொங்கியது. ஊஞ்சலில் ஒருத்தி. இதுவரை அவன் பார்க்காத ஒருத்தி. சுற்றிலும் குப்பத்துப் பெண்கள் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ பொண்ணு, எறங்கு. அது என் கயிறு."

"அப்படியா? நல்ல கயிறு. கெட்டியா கீது." ஊஞ்சல் நிற்கவில்லை.

"நான் தொழிலுக்குப் போவணும்."

"போயேன். உன்னை யாரு புடிச்சிக்கினா?"

"கயிறு இல்லாம தோணி எப்படி நிக்கும்?"

"நிக்கலைன்னா ஓடட்டும். மீனும் ஓடத்தானே செய்யுது... கூடவே போய்ப் புடிச்சிக்கோ."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிங்காரத்துக்குப் பதில் வாய்க்கு வரும் நேரத்தில் ஊஞ்சல் அவனை நோக்கி வந்துவிடும். இரண்டு கண்கள் அருகே வரும்... மழைக்கு முந்தைய ஏரித் தண்ணீரின் நிறம். சட்டென்று விலகிப் போகும். மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் அவன் யோசித்து வைத்த பதில் எங்கேயோ போய்விடும்.

அந்தப் புன்னை மரம் பிறகு ஒரு புயலில் சாய்ந்தது. அன்று அதன் கீழே சிரித்தவர்களில் இன்று யாரும் இல்லை. ஆனால் அந்தக் கண்கள் எந்தக் காலத்திலும் அப்படித்தான் இருந்தன.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் உடேன்" என்றாள் பக்கத்து வீட்டு மாரி. "வடகரையிலேர்ந்து போன வாரம் வந்தாங்களே, துளசிங்கம்... அவரு மவ கோவிந்தம்மா. இன்னிக்கு அவங்க ஊரு நோன்பு. ஊஞ்சல் ஆடியே ஆவணுமாம்."

ஐப்பசிப் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள், தேய்பிறைத் திருதியை. ஏரியின் வடகரையில் வாழும் தெலுங்குப் பெண்கள் அதை அட்லதத்தி என்பார்கள். அட்லு என்றால் தோசை. கன்னிப்பெண்கள் கோழி கூவுமுன் எழுந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார்கள். மருதாணிக் கையோடு ஊஞ்சல் ஆடுவார்கள். இருட்டியதும் நிலாவைப் பார்த்து, ஒரு சுமங்கலிக்குத் தோசை கொடுத்த பிறகுதான் வாயில் எதையும் வைப்பார்கள்.

சிங்காரத்துக்குக் கிருத்திகை தெரியும், அமாவாசை தெரியும். இது புதிது.

"எதுக்கு இந்த நோன்பு?"

"நல்ல புருசன் கெடைக்க" என்றாள் மாரி. "இவளுக்கு ஆள்கூட இருக்காரு. அத்தை மவன். நிலாவைப் பாத்து நோன்பை முடிச்சுட்டா நாளைக்கே வெத்தலை மாத்திக்குவாங்கோ. நிலா தெரியலைன்னா நோன்பு முடியாது, அப்புறம் அடுத்த வருசம்தான்... அதோ, ஆளே வந்துட்டாரு."

ஒல்லாந்தர் கோட்டைப் பக்கமிருந்து ஒருவன் வந்துகொண்டிருந்தான். அந்த வெள்ளைக்காரர்களின் துணிக் கிடங்கில் வேலை செய்யும் நாகப்பன். ஏதோ ஒரு துரை கழித்துப்போட்ட நீலச் சட்டை, அதில் வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். வெயிலில் அவை மின்னிய மின்னலில் சிங்காரத்துக்குக் கண் கூசியது. நாகப்பன் நேராகப் போய் ஊஞ்சலின் கயிற்றைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான்.

என் கயிறு... என்று நினைத்தான் சிங்காரம். இத்தனை வருஷமாக அந்தக் கயிற்றை யார் யாரோ தொட்டிருக்கிறார்கள். இப்படி ஒருநாளும் எரிந்ததில்லை.

"வெச்சுக்கோ. நீயே வெச்சுக்கோ" என்று திரும்பி நடந்தான்.

"நில்லு" என்றாள் கோவிந்தம்மா பின்னாலிருந்து. "நோன்பு அன்னிக்குக் கோவத்துல குடுக்கறதை வாங்கக் கூடாது. சிரிச்சிக்கினு குடு."

நின்றான். நாகப்பன் பார்த்துக்கொண்டிருந்தான், பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்காரம் பல்லைக் காட்டினான்.

"சந்தோசமா... எடுத்துக்கோ."

"இதுக்குப் பேரு சிரிப்பா? சரி, போ. பரவாயில்லை."

பகல் முழுக்க அவன் தோணியிலேயே உட்கார்ந்திருந்தான். கிழிந்த வலையைப் பின்னுவதுபோல் பாவனை. காது மட்டும் புன்னை மரத்தடியில் இருந்தது. கிளை முனகும் சத்தம்... சிரிப்பு... நடுவே ஓர் ஆண் குரல். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் வலையில் ஒரு முடிச்சு தப்பாக விழுந்தது. நேற்றுவரை இவள் இந்த உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது, இவள் யாருக்காகப் பட்டினி கிடந்தால் எனக்கென்ன என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். காது திரும்பி வரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருத்தி தனக்காகக் காத்திருப்பது அந்தப் பொத்தான்காரனுக்குத் தெரியுமா... தெரிந்தால் அப்படி வெற்றிலை மென்றுகொண்டு நிற்பானா?

மத்தியானத்துக்கு மேல் மேற்கே மேகம் எழுந்தது. முதலில் அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்ததும் வலையைக் கீழே வைத்துவிட்டான்.

நிலா தெரியவில்லை என்றால்... அடுத்த வருஷம்தான்.

பிறந்ததிலிருந்து மேகத்தைத் திட்டியே வளர்ந்தவன் அவன். அன்று முதல்முறையாக மேகத்தின் பக்கம் நின்றான். வா... இன்னும் வா... கிழக்கேயும் மூடு. மேகம் சொன்னபடி கேட்டது. பொழுது சாயும்போது ஒரு தூறல் விழுந்து ஏரியெங்கும் புள்ளி வைத்தது. குப்பத்துக்கு மேலே வானமே இல்லை.

அவனுக்கு உள்ளே ஒரு சின்ன சந்தோஷம். அதைப் பற்றி வெட்கமும் இருந்தது. வெட்கம் கொஞ்சம்தான்.

இருட்டும் நேரத்தில் துளசிங்கம் தோணியருகே வந்து நின்றார்.

"தம்பி, ஒரு ஒத்தாசை. இங்க வானம் தொறக்காது போலகீது. முகத்துவாரத்துக்கு நேரா கடல் மேல வெளுத்திருக்குதாம். பொண்ணு காலையிலேர்ந்து ஒண்ணும் தொடலை... கரையில உன் தோணியைத் தவிர வேற தோணி இல்லையே. எனக்கு இந்த ஊரு மணல்திட்டு தெரியாது. நீதான் இட்டுக்கினு போவணும்."

கரையில் வேறு தோணி ஏன் இல்லை என்று சிங்காரத்துக்குத் தெரியும். அவன் தோணி ஏன் இருக்கிறது என்றும் தெரியும்.

"அவரு வரலையா? சட்டைக்காரரு?"

சற்றுத் தள்ளி நின்ற நாகப்பன் தொண்டையைச் செருமினான். "உப்புத் தண்ணி பட்டா பொத்தான் கறுத்துடும்."

"சரி மாமா" என்றான் சிங்காரம் துளசிங்கத்திடம். மாமா என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே புரியவில்லை.

துணைக்கு அம்மணி வந்தாள். துளசிங்கத்தின் அக்கா, நாகப்பனின் தாய். தோசையை வாங்கிக்கொள்ள வேண்டிய சுமங்கலியும் அவள்தான். மடியில் தோசைக் கூடையை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். கோட்டை விளக்குகள் பின்னால் சிறுத்துப் போவதற்குள் அவள் தலை தொங்கிவிட்டது. முன்பக்கம் கோவிந்தம்மா. கன்னத்தில் தூறல். பகலில் இருந்த துடுக்கு இல்லை. வாடியிருந்தாள். வாடினாலும் அந்தக் கண்கள்...

யாருக்காக இந்த வாட்டம்? நினைத்ததும் அவன் கை தானாகத் துடுப்பைத் திருப்பியது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் கிழக்கே. தோணி மெல்ல வடக்கே நழுவியது. அங்கே சதுப்பில் கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு உண்டு. அதன் மறைவுக்குப் போய்விட்டால் கடல் பக்கத்து வானம் ஒரு விரற்கடைகூடத் தெரியாது.



"எங்க போறோம்?" என்றாள் கோவிந்தம்மா.

"முகத்துவாரத்துக்குத்தான். காத்து தள்ளுது... அதான் சுத்திப் போவுது."

"எந்தக் காத்து?"

"கடல் காத்து."

அவள் கொண்டையை அவிழ்த்தாள். ஈரக் கூந்தல் அவிழ்ந்து, தோளைத் தாண்டி நேராகக் கிழக்கே பறந்தது.

"என் முடி முகத்துவாரத்தைப் பாத்துப் பறக்குது. உன் தோணி மட்டும் திட்டைப் பாத்துப் போவுது. அதென்ன, உனக்குன்னு தனிக் காத்தா?"

சிங்காரத்தின் துடுப்பு தண்ணீரிலேயே நின்றது.

"எப்போ தெரிஞ்சுது?"

"நீ திருப்பினப்பவே."

"அப்போவே கேக்கறதுதானே?"

"எவ்வளோ தூரம் போறேன்னு பாக்கலாம்னு இருந்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா இப்போ பசிக்குது. ரொம்பப் பசிக்குது."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவள் கோபித்திருந்தால் சண்டை போட்டிருப்பான். பசிக்கிறது என்றவளிடம் என்ன செய்ய? தோணியைத் திருப்பினான். நாளைக்கு இவள் வேறொருவன் வெற்றிலையைத் தொடப்போகிறாள், அதற்கு நான் துடுப்புப் போடுகிறேன்... ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த எண்ணம் நெஞ்சில் இடித்தது. இடித்த வேகத்திலேயே துடுப்பை வலித்தான். மேலும் வலித்தான். முகத்துவாரத்தின் அலையிரைச்சல் கேட்க ஆரம்பித்தது. வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலின் பாய்மரங்கள் கறுப்பாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் மேகத்தின் ஓரம் வெளுத்தது, கிழிந்தது...

ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்த, சிவந்த நிலா.

அவள் கை கூப்பிக் கண்ணை மூடினாள். அவன் நிலாவைப் பார்க்கவில்லை. உதடு அசைகிறதா, எந்தப் பேரைச் சொல்கிறது என்று பார்த்தான். உதடு அசையவில்லை.

பிறகு அம்மணியை எழுப்பித் தோசைகளைக் கொடுத்து, தோணி ஆடாமல் குனிந்து கும்பிட்டாள். அம்மணி அரைத் தூக்கத்தில் ஏதோ வாழ்த்திவிட்டு முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். கோவிந்தம்மா ஒரு தோசையைப் பிய்த்து வாயில் வைத்தாள். சிங்காரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"காலையிலேயா வெத்தலை?"

"ம்."

"நல்லவருதான்."

"நல்லவருதான்" என்றாள் அவளும். அதைக் கேட்டு அவனுக்கு இன்னும் எரிந்தது.

"பின்னே... அவருக்காகத்தானே இவ்வளோ பட்டினி."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அவரு என் அத்தை மவன். நான் பொறந்த அன்னிக்கே அவருக்குன்னு சொல்லிட்டாங்க. இருக்கறதுக்கு எவளாவது பட்டினி கெடப்பாளா? இல்லாததுக்குத்தானே நோன்பு."

அலை ஒன்று தோணியைத் தூக்கி இறக்கியது.

"அப்போ... யாருக்காக?"

"காலையில எழுந்தப்போ தெரியாது" என்றாள். "ஊஞ்சல்லேர்ந்து எறங்கினப்போ கொஞ்சம் தெரிஞ்சுது. நீ தோணியைத் தப்பாத் திருப்பினப்போ நல்லாத் தெரிஞ்சுது."

"ஏண்டி" என்றது ஒரு குரல். அம்மணி கண்ணைத் திறக்கவே இல்லை. "இதைக் கரையிலேயே சொல்லியிருந்தா, நான் இந்தக் குளிர்ல தோணி ஏறியிருப்பேனா?"

இருவரும் உறைந்துபோனார்கள். அம்மணி எழுந்து உட்கார்ந்தாள்.

"என் புள்ளைக்கு நான் இன்னா சொல்றது?"

"நீ சொல்ல வேணாம் அத்தை. நானே சொல்றேன். நைனா கிட்டேயும் நானே சொல்றேன். திட்டினா வாங்கிக்கிறேன்."

அம்மணியின் முகத்தில் வருத்தம் இருந்தது, அது பொய்யில்லை. கடைசியில் கூடையிலிருந்து ஒரு தோசையை எடுத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிங்காரத்தின் பக்கம் நீட்டினாள். "தின்னுட்டு வலி. கரைக்குப் போயி எல்லாரும் சேந்து அடி வாங்கலாம்."

அவன் அதைக் கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தான்.

"நானும் வரேன் உங்க நைனா கிட்டே" என்றான் கோவிந்தம்மாவிடம். பேசப் பேச வார்த்தை தடுமாறியது. "எனக்கு அவரு சட்டை புடிக்கலை. அவரு ஊஞ்சலைத் தொட்டது புடிக்கலை. நீ அவருக்காகப் பட்டினி கெடக்கறேன்னு நெனைச்சு... மழையைக் கூப்புட்டேன். இவ்வளோ கெட்ட புத்தி எனக்கு உண்டுன்னு நேத்து வரைக்கும் தெரியாது. உன்னைப் புடிச்சிருக்கு கோவிந்து. அதான்... வேற ஒண்ணும் இல்லை."

கோவிந்தம்மா தலையைச் சாய்த்து மறுபடி வானத்தைப் பார்த்தாள். நிலா இப்போது முழுதாக வெளியே வந்து, சிவப்புக் கலைந்து வெள்ளையாகியிருந்தது. அவளுடைய இரண்டு கண்களிலும் ஒவ்வொரு நிலா இருந்தது. அவள் வானத்து நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சிங்காரம் பொறுத்துப் பார்த்தான். பொறுக்க முடியவில்லை.

"நோன்புதான் முடிஞ்சுதே. இன்னும் அங்க இன்னா பார்வை?"

"அழகா கீது. பாக்கக் கூடாதா?"

"பாத்தவரைக்கும் போதும்" என்றான். "இந்தப் பக்கம் பாரு."

அவள் பார்த்தாள்.