பின்னால் வந்த சிவப்புக் கார்

வெள்ளைக் கார் வளைவுக்கு முன்னால் இரண்டு முறை பிரேக் அடித்தது. பின்விளக்கு மின்னி அணைந்து, மறுபடி மின்னியது.

கிளட்ச் மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. இருபது வருடப் பழைய கார்ப் பந்தய கேம் இது. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கிக் கொடுத்தது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அவரிடமே தங்கிவிட்டது. இதில் ஓடுகிற மற்ற கார்கள் செக்குமாடு மாதிரி. போட்ட கோட்டில் சுற்றுமே தவிர பிரேக் அடிக்காது. அதனால்தான் அவருக்கு இதன் மேல் நம்பிக்கை. மனிதன் எந்த நேரத்தில் எதை மிதிப்பான் என்று எவனுக்குத் தெரியும்? முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூலில் கண்டவனுக்கும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கிளட்ச், கிளட்ச்" என்று தொண்டை கிழியக் கத்தி வாங்கிய பட்டப்பெயர் அவருடையது. சாயங்காலமானால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்த அத்தனை விதியையும் மீறி முன்னால் போகிறவனை இடித்துத் தள்ளுவதில் ஒரு தனிச் சுகம்.

இன்று மழை. ஜன்னல் கண்ணாடியில் அது சரசரத்துக்கொண்டே இருந்தது. கேம் பெட்டியின் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் நனைந்த கால்மிதியின் வாடையும் கலந்து அறையில் தேங்கி நிற்க, டிவி வெளிச்சம் சுவரில் சிவப்பும் வெள்ளையுமாக நெளிந்தது. கேமுக்குள் எப்போதும் வெயில்தான் அடிக்கும். இன்று அங்கேயும் மழை.

அடுத்த வளைவு. வெள்ளைக் கார் மறுபடியும் இரண்டு தட்டு. கியர் மாற்றும்போது லேசாக இடப்பக்கம் ஒதுங்கியது.

ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர்தான். இந்த இரண்டு கோளாறும் சேர்ந்து இருந்தது ஒருத்திக்கு மட்டும். எவ்வளவு திட்டியும் திருந்தாதவள். அவர் மகள். வேலை முடிந்து இந்நேரம் தன் வெள்ளைக் காரில் மலைச்சாலையில் தனியாக வந்துகொண்டிருப்பாள்.

போன் அடித்தது. அவள்தான். வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டாள்.

"அப்பா, ஒரு சிவப்புக் கார் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வருது. வழி விட்டாலும் போக மாட்டேங்குது."

அவர் திரையில் தன் சிவப்புக் காரைப் பார்த்தார். "உள்ள யாரு?"

"மழையில ஒண்ணும் தெரியல. ஓட்டற லட்சணத்தைப் பார்த்தா உங்ககிட்ட படிச்சவன் மாதிரி இருக்கு." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவர் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தார். சிவப்புக் கார் நிற்கவில்லை. இன்னும் நெருங்கியது. பிளக்கைப் பிடுங்கக் கை போனது. பாதியில் நின்றது. பிடுங்கினால் மகள் கண்ணிலிருந்து போய்விடுவாள்.

"ஓரங்கட்டும்மா. கதவைப் பூட்டிக்கோ. யார் வந்தாலும் திறக்காத. எவனையும் நம்பாத."

திரையில் வெள்ளைக் கார் ஓரங்கட்டியது. சிவப்புக் காரும் பின்னால் போய் நின்றது.

மழை. ஜன்னலில். போனில். டிவியில். ஒரே சத்தம்.

அந்த கேமில் கார்க் கதவு என்பது வெறும் கோடு. திறக்காது.

திறந்தது.

இறங்கிய ஆளின் முதுகு மட்டும் தெரிந்தது. கூன் முதுகு. முப்பது வருடம் பக்கத்து இருக்கை பிரேக் மேலேயே வைத்து மரத்துப்போன வலது காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை. மாஸ்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார்.

போனில் மகள் பெருமூச்சு விட்டாள். "அட, நீங்கதானா? எப்படி பயமுறுத்திட்டீங்க."

"அது நான் இல்லம்மா. நான் வீட்டுல இருக்கேன். திறக்காத."

பூட்டு டக்கென்று விடுபட்டது.

மழைச் சத்தம் பெரிதாகி, கதவு மூடியதும் அமுங்கியது. பிறகு ஒரு குரல். அவருடைய குரல்.

"தள்ளி உக்காரு. நான் ஓட்டறேன்."

வெள்ளைக் கார் கிளம்பியது. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள். ஒன்று மகளுடையது. பக்கத்து ஆளின் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். போனில் அவளுடைய நிம்மதியான சிரிப்பு.