ஒட்டின பெட்டியில் ஒரு கட்டைவிரல்

போன் அலறியது.

ஆஸ்பத்திரியின் சலவை அறை. துவைத்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. நடுவில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பது சம்பள நாளில் மட்டும் ஞாபகம் வரும்.

இடது கையால் போனை எடுத்தாள்.

"நீங்க ஆன்லைன்ல வித்த கடிகாரம் விஷயமா பேசறோம்." விற்பனைத் தளத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்துருச்சாம்மா?"

"பெட்டி சேர்ந்துருச்சு. கடிகாரம்தான் சேரல."

"புரியலையே..."

"உள்ள ஓடாத ஒரு ஓட்டைக் கடிகாரம் இருந்துச்சாம். வாங்கினவர் புகார் குடுத்துட்டார். நீங்க சரியானதைத்தான் அனுப்பினீங்கன்னு காட்டலன்னா, பணம் அவருக்கே திரும்பிப் போயிடும்."

தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. இஸ்திரிப் பெட்டி விரிப்பின் மேலேயே இருந்தது. பழுப்பாக ஒரு முக்கோணம்.

பணம் திரும்பிப் போனால்... மகனின் இதயமும் நின்று போகும்.

அப்படித்தான் டாக்டர் சொல்லியிருந்தார். வால்வு கெட்டுவிட்டது. இந்த மாதத்துக்குள் ஆபரேஷன். இல்லையென்றால் இல்லை.

விற்க அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கடிகாரம் ரிப்பேர் பார்த்தே கண் போய், பிறகு உயிரும் போன புருஷன் விட்டுவிட்டுப் போன கைக்கடிகாரம். ஒரு கப்பல் கேப்டன் அவருக்குக் கொடுத்தது. ஊரில் காட்டினால் இரும்பு விலை பேசினார்கள். மகனைக் கொண்டு ஆன்லைனில் போட்டதும், எங்கோ கடல் கடந்த ஒரு கிழவர், அவள் கேட்ட விலைக்கே தலையாட்டினார்.

அவள் ஏனோதானோ என்று அனுப்பவில்லை. கூரியர் கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"அக்கா, வரிக்குப் பயந்து 'அன்பளிப்பு'ன்னு எழுதாதீங்க. தொலைஞ்சா அன்பளிப்புக்கு ஆறுதல்தான் கிடைக்கும். முழு விலையை எழுதி இன்ஷூரன்ஸ் போடுங்க."

"சரிப்பா."

"கடிகாரத்துக்குப் பின்னாடி இருக்கற நம்பர் தெரியற மாதிரி, பெட்டிக்குள்ள வைக்கறதுல இருந்து ஒட்டறது வரைக்கும் வீடியோ எடுங்க. கடைசியா பாதி டேப் மேல, பாதி அட்டை மேல விழற மாதிரி கையெழுத்துப் போடுங்க. எவன் பிரிச்சு ஒட்டினாலும் காட்டிக் குடுத்துடும்."

"எனக்கு எழுத வராதேப்பா. கைநாட்டுதான்."

"இன்னும் நல்லதாப் போச்சு. கையெழுத்தை எவனும் போட்டுருவான். விரல் அவனவன்கிட்டதானே இருக்கு?"

அப்படியே செய்தாள். ஆஸ்பத்திரித் துணியில் அடையாளம் போடுகிற அழியாத மையைக் கொஞ்சம் கொண்டுவந்து, வலது கட்டைவிரலை அமுக்கி வைத்தாள். மகன்தான் படுக்கையில் சாய்ந்தபடி வீடியோ எடுத்தான்.

இன்னமும் அவள் நகக்கண்ணில் அந்த மை போகவில்லை.

தீய்ந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கூரியர் கடைக்கு அல்ல.

போலீஸ் ஸ்டேஷனுக்கு.

*

மறுநாள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது கூரியர்காரர் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை. உதடு வீங்கியிருந்தது.

"வாங்கக்கா..." என்றார். "நல்லா இருக்கீங்களா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவன் கடையிலதான் பெட்டி கைமாறியிருக்கு. வேற எங்கயும் வழியில்ல." இன்ஸ்பெக்டர் மேஜையில் தாளம் போட்டார். "கடிகாரம் எங்கன்னு கேட்டா, மணி என்னன்னு கேக்கற மாதிரி முழிக்கறான்."

"சார், ஒரு தடவை என் போனைப் பாருங்க சார்." கூரியர்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "விலை உயர்ந்த பார்சல் வந்தா, வாங்கின உடனே பெட்டியைப் போட்டோ எடுத்துக்குவேன். நாளைக்கு என் தலையில விடியக் கூடாதில்ல?"

"விடிஞ்சிருச்சே."

"அதான் சார், பாருங்கன்றேன்."

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டபடி அந்தப் போனைத் தேடி எடுத்தார். பக்கத்தில் அவளுடைய போனில் வீடியோ. கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக் கிழவர் அனுப்பிய படங்கள். மூன்றையும் வரிசையாக வைத்தார்.

கொட்டாவி பாதியில் நின்றது.

"ஏம்மா... உன் வலது கட்டைவிரலைக் காட்டு."

காட்டினாள். விரலின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. என்றோ இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு.

"வீடியோவுல நீ வச்ச ரேகையில இந்தக் கோடு இருக்கு. வெளிநாட்டுக்குப் போன பெட்டியில இல்ல. சரி, நடுவுல எவனோ பிரிச்சு, உன்னை மாதிரியே விரல் வச்சு ஒட்டியிருக்கான். ஆனா..."

"ஆனா?"

"இவன் கடையில வாங்கினப்போ எடுத்த போட்டோவுலயும் கோடு இல்லையே."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"அதாவது, பெட்டி கடைக்கு வரும்போதே மாறித்தான் வந்திருக்கு. ஒட்டினது எப்ப?"

"சாயங்காலம் சார். கடை பூட்டியிருந்துச்சு. காலையில கொண்டு போய்க் குடுத்தேன்."

"நடுவுல வீட்ல யாரு?"

"நானும் பையனும்தான். அவன் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும் சார்."

இன்ஸ்பெக்டர் ரேகையைப் பெரிதாக்கினார். திரை முழுக்க ஒரு கறுப்புக் கட்டைவிரல்.

அதன் நுனியில்... ஒரு சின்னப் பிளவு. எலி கடித்த ரொட்டி மாதிரி.

அவள் திரையை நெருங்கிக் குனிந்தாள்.

நடக்கப் பழகிய வயதில் கதவிடுக்கில் சிக்கிய விரல் அது. அவள்தான் வாயில் வைத்து ரத்தத்தை உறிஞ்சினாள். அவள்தான் சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

அந்த உடைந்த கடிகாரம்கூட இப்போது அடையாளம் தெரிந்தது. புருஷனுடைய இழுப்பறையில் செத்துக் கிடந்த கடிகாரங்களில் ஒன்று.

"இது யார் விரல்னு தெரியுதா?"

"என்... என் விரல்தான் சார்."

"கோடு எங்க போச்சு? சுருக்கம்னு இஸ்திரி போட்டுட்டியா?"

"கேஸ் வேணாம் சார். விட்டுடுங்க. நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"உன் மூஞ்சியே சொல்லுது, உனக்குத் தெரியும்னு. நீ வாயைத் திறக்கலன்னா இவன் இங்கயேதான் இருப்பான்."

அவள் லாக்கப்பைப் பார்த்தாள். கூரியர்காரர் அவளைப் பார்க்கவில்லை. தன் வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்ற பாசம் ஒரு பக்கம். செய்யாத குற்றத்துக்கு உதை வாங்கியவன் ஒரு பக்கம்.

"அவரை வெளியில விடுங்க சார்," என்றாள். "வாங்க... காட்டறேன்."

*

மகன் படுக்கையில் சாய்ந்திருந்தான். அம்மாவுக்குப் பின்னால் வாசலில் இன்ஸ்பெக்டரும் கூரியர்காரரும் நிற்பதைப் பார்த்ததும், வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். பத்து நாளாகவே அந்தக் கட்டைவிரலில் கட்டு. ரத்தம் எடுத்த இடம் சீழ் வைத்திருக்கிறது என்று சொல்லியிருந்தான். அவளும் நம்பியிருந்தாள்.

"கையை நீட்டு."

"எதுக்கும்மா?"

"நீட்டுடா."

கட்டைப் பிரித்தாள். சுற்றுச் சுற்றாக வந்தது துணி.

சீழும் இல்லை, புண்ணும் இல்லை. நுனி பிளந்த, கறுத்த கட்டைவிரல். பக்கத்தில் அவளுடைய கறுத்த கட்டைவிரல்.

"எங்க வச்சிருக்க?"

அவன் தலையணை உறையை அவிழ்த்தான். அவள் தேய்த்து மாட்டிய உறை. பஞ்சுக்கு நடுவிலிருந்து கடிகாரம் வந்தது. டிக்... டிக்... டிக்... அவன் நெஞ்சைவிட ஒழுங்காக ஓடியது.

"நீ தூங்கின பிறகு மாத்தினேன். உன் ரேகை மறையற மாதிரி மேல புது டேப் ஒட்டி, என் விரலை வச்சேன்," என்றான். "எப்படியும் வெளிநாடு போய்ச் சேர நாளாகும்... அதுக்குள்ள என் கதை முடிஞ்சிரும், அப்புறம் யார் தேடப் போறான்னு நினைச்சேன்."

"ஏன்டா?"

"டாக்டர் என்கிட்ட மட்டும் ஒண்ணு சொன்னார்மா. ஆபரேஷன் பண்ணினாலும் பாதிக்குப் பாதிதானாம். அப்பா ஞாபகம்னு உனக்கு இருக்கறது இது ஒண்ணு. இதையும் வித்து, நானும் போயிட்டா... உனக்கு என்னம்மா மிச்சம்?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் விரலை மட்டும் விடவில்லை.

"பைத்தியக்காரா. உன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா வித்த?"

"பாதி இருக்குல்ல? அந்தப் பாதிக்குத்தான் வித்தேன்."

அவன் அழுதான். மூச்சு வாங்கியது. அழக்கூட அந்த நெஞ்சு பாதிதான் இடம் கொடுத்தது.

வாசலில் கூரியர்காரர் தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தம்பிக்காகவா நான் உதை வாங்கினேன்? முதல்ல சொல்லியிருந்தா, நான் கொஞ்சம் சத்தமா கத்தியிருப்பேன்."

அவள் எழுந்து போய் அவர் காலில் விழப் போனாள். அவர் துள்ளி விலகினார்.

"அட விடுங்கக்கா. அந்தக் கிழவருக்கு உண்மையைச் சொல்லி ஒரு வார்த்தை தம்பியையே எழுதச் சொல்லுங்க. காத்திருப்பார். இதை இப்பவே குடுங்க, இருக்கறதுலயே வேகமான வழியில அனுப்பறேன். வீடியோவை நானே எடுக்கறேன், உங்க கேமராமேனை நம்ப முடியாது."

பெட்டி வந்தது. மையும் வந்தது. கடிகாரத்தை ஒரு தரம் காதில் வைத்துக் கேட்டாள். வைத்தாள். ஒட்டினாள். தன் விரலை அழுத்தினாள். பிறகு மகனின் விரலைப் பிடித்து, பக்கத்திலேயே அழுத்தினாள். தழும்பு விழுந்த ஒன்றும், நுனி பிளந்த ஒன்றும்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் சரிம்மா. கேஸை நான் என்ன பண்றது? திருடன் கிடைச்சுட்டான்னு எழுதவா, வேணாமா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதுங்க சார். ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் பிடிச்சு உள்ள போடுங்க. அதுவரைக்கும்... உங்க போலீஸ் குரல்ல இவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. தப்பிச்சு எங்கயும் போயிடக் கூடாதுன்னு."