பின்சீட்டுக்கு அடியில்

கார் கொட்டகையைத் திறந்ததும் இளையவளின் மூக்கில் ஏறியது பெட்ரோல் வாடை இல்லை. மூத்தவள் பூசிக்கொண்டிருந்த பவுடரின் வாசனை.

மூத்தவள், கணவரின் முதல் தாரம், போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. துணிமணி போயாயிற்று, படம் பரணுக்கு ஏறியாயிற்று, தலையணை உறைவரை மாற்றியாயிற்று. பாக்கி இந்தக் கார்தான். "அவ ஆசையா ஓட்டின வண்டி, இருந்துட்டுப் போகட்டுமே" என்று குழைவார் கணவர். அந்தக் குழைவுதான் இவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. செத்தவள்மேல் என்ன பொறாமை என்று கேட்காதீர்கள். உயிரோடிருந்தால் அவளுக்கும் நரைத்திருக்கும், சண்டை போட்டிருப்பாள், ஒருநாள் குழம்பைத் தீய விட்டிருப்பாள். செத்தவளிடம் என்ன குறை கண்டுபிடிப்பது?

மத்தியான ரயிலில் கணவர் ஊர் திரும்புகிறார். இதே காரில் போய் அவரை ஏற்றிவர வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இவளைப் பார்த்து அவர் பழையவளை மறக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

கார் சம்மதிக்கவில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் கர்கர் என்று சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை.

மெக்கானிக் வந்தார். ஸ்க்ரூடிரைவர் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பவர் என்பதால் தெருவில் அவருக்கு 'டாக்டர்' என்று பேர்.

"பேட்டரி ஜோரா இருக்கு, அதான் சுத்துது. பிளக்குல பொறியும் வருது. பெட்ரோல்தான் மேல ஏறலை." பின்சீட்டைத் தூக்கினார். "பம்பு இதுக்கடியில இருக்கும்மா. சாவியப் போட்டதும் 'ம்ம்ம்'னு முனகணும். போடுங்க பார்ப்போம்."

போட்டாள். முனகலே இல்லை.

"எறங்குங்க, நான் போடறேன்."

பம்பு முனகியது. ஒரே திருப்பில் எஞ்சின் பற்றிக்கொண்டது.

"பார்த்தீங்களா, கைராசி!" என்று இளித்தார்.

அவர் அணைத்துவிட்டு இறங்க, இளையவள் உட்கார்ந்தாள். மூத்தவள் நெட்டை, இவள் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

கர்கர்.

டாக்டரின் இளிப்பு சுருங்கியது. ஃப்யூஸை மாற்றினார், ஒயரைச் சோதித்தார். கரண்ட் வந்தது. பம்பு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதன் மூடியில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதை ஒட்டினார்.

"இப்பப் போடுங்க."

போட்டாள். சுட்டதுபோல் தலையை இழுத்துக்கொண்டார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா." குரல் இறங்கிப்போயிருந்தது. "யாரோ… மூச்சை அடக்கிட்டு இருக்கற மாதிரி. நீங்க ஆட்டோ பிடிச்சே போயிடுங்க."

பின்சீட்டைப் போட்டு மூடிவிட்டு மழையில் நனைந்தபடி ஓடினார். ஸ்க்ரூடிரைவர் தரையிலேயே கிடந்தது.

கொட்டகையில் அவள் மட்டும். தகரக் கூரையில் மழை. பவுடர் வாசனை தொண்டையில் அடைத்தது.

பிரேக்கை மிதிக்கக் காலை நீட்டினாள். எட்டவில்லை.

சீட்டு பின்னால் போயிருந்தது.

இழுத்தாள். அவளையும் சுமந்துகொண்டு, அடியிலிருந்த பல் வைத்த சட்டம் கடகடக்க, அது மறுபடி பின்னால் நகர்ந்தது.

வேறொருத்தியாக இருந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பாள். இவளுக்குப் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"இங்க பாருங்கக்கா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "வண்டிய ஓட்டப்போறது நான்தான். அவரைப் பார்க்காம இருக்க முடியலைன்னா நீங்களும் வாங்க. யார் வேண்டாம்னா?"

மழைச் சத்தம்.

பிறகு, பின்சீட்டுக்கு அடியில்…

ம்ம்ம்.

சீட்டு தானாக முன்னால் வந்து நின்றது. சாவியைத் தொட்டதும் எஞ்சின் உயிர்பெற்றது.

ரயிலடியில் கணவர் முன்கதவை இழுத்தார். திறக்கவில்லை. உள்ளிருந்து இவள் இழுத்தும் அசையவில்லை. பின்கதவு மட்டும் மெல்ல விலகித் திறந்துகொண்டது.

"ஏம்மா, வாடகைக் கார்ல ஏத்தற மாதிரி பின்னாடி ஏத்தறியே?" என்றபடி ஏறினார். ஒருமுறை மூச்சை இழுத்தார். மேற்கொண்டு குறைப்படவில்லை. இவளைக் கட்டியதிலிருந்து ஒருநாளும் சிரிக்காத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

பாதி வழியில் இவள் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள்.

அவர் கதவோரமாக ஒடுங்கித் தூங்கிப்போயிருந்தார். பக்கத்தில் சீட்டு குழிந்திருந்தது. அவருடைய தலை அந்தப் பக்கமாகச் சாய்ந்து, வெறும் காற்றில் சுகமாகத் தாங்கி நின்றது.

சிக்னலில் கார் நின்றது. பச்சை விழுந்தும் இவள் கை நகரவில்லை.

கண்ணாடியில் தூங்கும் அவரைத் தவிர யாருமில்லை. பிடரிக்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது.

"ம்ம்ம்… வண்டிய எடு."