சாம்பல் நிற டேப்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் அவளுக்கு ஜன்னலோர நாற்காலியைக் காட்டினார். முன்பு அதில் வேலை பார்த்தவள், மவுஸைப் பிடித்த கை பிடித்தபடியே, உட்கார்ந்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

"பயப்படாதீங்கம்மா. கம்ப்யூட்டர் புதுசு," என்றார், அதுதான் இவளுடைய கவலை என்பதுபோல.

கடை, கிளினிக் என்று ஒன்பது இடங்களின் பெயரில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதுதான் வேலை. ஒரே பிரவுசரில் ஒன்பது கணக்கும் திறந்திருக்கும். டேபுக்கு ஒரு நிறம். அவசரத்தில் நிறம் மாறினால் மானம் கப்பலேறிவிடும். செருப்புக் கடையின் பதில், பல் டாக்டர் பெயரில், "ஹீல்ஸ் வேணுமா, தட்டையா வேணுமா?" என்று போய் நிற்கும்.

பத்தாவதாக, மேனேஜருக்குத் தெரியாமல், மஞ்சள் நிறத்தில் தன் சொந்தக் கணக்கையும் திறந்து வைத்தாள். மகள் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, ஆறு மணி வரை வீட்டில் தனியாக இருப்பாள். பத்து வயது. அந்த மூன்று மணி நேரமும் மகளின் போனுக்கு எழுதிக்கொண்டிருக்கத்தான் அந்த மஞ்சள் டேப்.

மூன்றாம் நாள் டேப்களை எண்ணினாள்.

பதினொன்று.

கடைசியில் இருந்தது சாம்பல் நிறம்.

"அது இந்த சீட்ல முன்னாடி இருந்தவங்களோடது அக்கா," பக்கத்து சீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். "மூடினாலும் வந்துடுது. பாவம், புள்ளை இல்ல அவங்களுக்கு. ஒன்பது கணக்கையும் என் புள்ளைங்கன்னு கொஞ்சுவாங்க. நீங்க தொடாதீங்க."

தொடவில்லைதான். ஆனால் அன்று மூன்றேகாலுக்கு ஒன்பது டேபும் ஒன்றாகச் சிணுங்கின. இருப்பே கொள்ளாமல், அவற்றுக்கு நடுவே மகளின் பெயரைத் தேடி எழுதினாள்: "கண்ணு, வந்துட்டியா? கதவைப் பூட்டிக்கோ."

அனுப்பிய பிறகுதான் நிறத்தைப் பார்த்தாள்.

சாம்பல்.

"யாரு?" என்று கேட்டிருந்தாள் மகள்.

இவள் கைகள் மடியில் கிடந்தன. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"அம்மாதான். புது கணக்கு."

எங்கிருந்தோ பூட்டிக் கிடந்த அறையின் வாடை வந்தது.

"கதவைத் திற கண்ணு. வெளியதான் நிக்கறேன்."

போன் அடித்தாள். மகள் எடுக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள்.

வீட்டுக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. தட்டியதும் மகள் திறந்தாள். இவள் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"யாருடி வந்தது?"

"யாரும் வரலியே. நீ சொன்னேன்னு திறந்தேன். யாருமில்ல. சாத்திட்டேன்."

மேசையில் வீட்டுப்பாடம் விரிந்து கிடந்தது. எதிரே இருந்த நாற்காலி, ஒருவர் உட்காரும் அளவுக்கு இழுத்துப் போடப்பட்டிருந்தது.

மறுநாளே வேலையை விட்டாள். மகளைத் தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டாள். ஆனால் எத்தனை நாள் அப்படி ஓட்ட முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு வேலை தேட, பரணில் கிடந்த தன் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். பிரவுசரில் தன் கணக்கின் மஞ்சள் டேப் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

பக்கத்தில் சாம்பல்.

"நீ தைரியமா வேலைக்குப் போ. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

படாரென்று மூடினாள்.

"சரிம்மா," என்றாள் மகள், உள்ளறையிலிருந்து. இவள் வாயே திறக்கவில்லை.