தலைக்கு மேலே கப்பல்

நாசகாரிக் கப்பல் கடந்து போய்விட்டதாகத் திரை காட்டியது. ஆனால் அதன் சத்தம் நிற்கவில்லை. நிருபமா ஹெட்போனைக் கழற்றினாள். அப்போதும் கேட்டது, கூரைக்கு மேலிருந்து, கனத்த ஈரத்துணியை யாரோ நிதானமாக அடித்துத் துவைப்பதுபோல. எலெக்ட்ரானிக் சிட்டியின் அந்தக் குடியிருப்பில் அவர்களுடையது கடைசி மாடி. அதற்கு மேல் மொட்டைமாடியும் மழையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவளும் கணவன் ப்ரஹ்லாதும் சேர்ந்து ஆடும் நீர்மூழ்கி விளையாட்டு அது. படுக்கையறையில் அவள் கேப்டன். ஹாலில் உட்கார்ந்து, சோனார் கருவியில் எதிரிக் கப்பலின் ஒலியைக் கேட்டு வழி சொல்பவன் அவன். எதிரிக் கப்பல் தலைக்கு மேல் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆழத்தில் சத்தமில்லாமல் கிடக்க வேண்டும். அவன் "திரும்பு" என்றால் யோசிக்காமல் திருப்புவாள். அந்தக் குரலை நம்பிய அளவுக்கு அவள் வேறெதையும் நம்பியதில்லை.

"ப்ரஹ்லாத், மேல ஏதோ கேக்கறதா?"

"பேசாதே." குரல் ஹெட்போனிலிருந்து வரவில்லை. அறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "நிஜமாவே பேசாதே, நிரு."

கரண்ட் போனது. திரை அணைந்தது. ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. தொலைவில் மேம்பாலத்து வண்டிகளின் இரைச்சல்கூட அடங்கியது போலிருக்க, டீசலும் அழுகிய பாசியும் கலந்த வாடை மெல்ல அறைக்குள் இறங்கியது. பிறகு ஒரு நீண்ட மணியொலி. சோனார் ஒலி. அது சுவர்களில் மோதி, அவள் பற்களுக்குள் அதிர்ந்து, மேலே திரும்பிப் போனது.

கதவை நோக்கி நடந்தாள். கைப்பிடியைத் திருப்பினாள். வெளியே தாழ் போட்டிருந்தது.

"கதவைத் திற!"

"மொதல்ல என் தலைக்கு மேலதான் நின்னுது," அவன் அழுதுகொண்டிருந்தான். "நான் என்ன பண்ணட்டும்? அதுக்கு ஒருத்தர் போதும், நிரு."

அவன் காலடி விலகியது. வாசல் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

மேசையில் அவள் போன் அலறியது. ஆட்டத்துக்கு முன் அவள் அதை சைலன்ட்டில்தான் வைத்திருந்தாள். சார்ஜ் போடுகிறேன் என்று வாங்கிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தவன் அவன். அழைப்பவனும் அவன்தான்.

வெட்டினாள். மறுபடி அடித்தது.

தலையணையில் அமுக்கினாள். மறுபடி.

மேலே சத்தம் திரும்பியது. நெருங்கியது.

அழைப்பை எடுத்தாள். ஸ்பீக்கரில் அவன் குரல். மூச்சு வாங்கியது, ஆனால் தெளிவாக, ஞாயிறுதோறும் அவள் கேட்ட அதே நிதானத்தில். பேசியது அவளிடம் அல்ல.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். அவ்வளவுதான். நில்லு."

நின்றது.

வெள்ளைக் கூரை ஈரத்தில் கறுத்தது. தொய்ந்து இறங்கியது. அவள் முகத்துக்கு ஒரு சாண் மேலே, பூச்சுக்குள்ளிருந்து மெல்லப் புடைத்து வந்தது, கட்டில் அகலத்துக்கு, ஒரு காது.