கல்லாறு கிளாஸ்

சுப்புலக்ஷ்மி காப்பி கலந்துகொண்டிருந்தபோது மகன் நவநீத்தின் மனைவி ரெம்யா கூடத்தில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நாலு நாள் பயணத்துக்கு எடுக்கிற பெட்டி இல்லை, பெரியது.

"எங்கேம்மா?"

"கழக்கூட்டம் ஏரியால ஃபிளாட் பாத்தாச்சு அம்மா. நவநீத் ஆபீஸ் விட்டு நேரா அங்க வரும்," என்றாள் தன் மலையாளம் கலந்த தமிழில்.

"நான் என்ன குத்தம் பண்ணினேன்...?"

ரெம்யா கிணற்றடியைக் காட்டினாள். திட்டில் ஆறு கண்ணாடி கிளாஸ்கள் கவிழ்ந்திருந்தன. கல்லாறு என்ற ஊரில் சாயாக்கடை வைத்திருக்கும் அவள் அம்மா ஓமனா, கல்யாணத்துக்குத் தன் கடையிலிருந்தே துணியில் சுற்றித் தந்தவை.

"எல்லாருக்கும் எவர்சில்வர். எனக்கு மாத்ரம் அது. கழுவி நானே அங்க கொண்டு வைக்கணும். மூணு மாசம் ஆச்சு. அம்மாவே ஒரு நாள் உள்ள எடுத்து வைக்கும்னு காத்திருந்தேன்."

"கண்ணாடியாச்சே, அடுக்களைல உடைஞ்சுடுமேன்னு..."

சுப்புலக்ஷ்மி பாதியில் நின்றாள். இந்தப் பேச்சை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். "பித்தளையாச்சே, களிம்பு ஏறிடுமேன்னு..." என்றுதான் மாமியார் சொன்னாள்.

முப்பது வருஷத்துக்கு முன், அம்பாசமுத்திரத்திலிருந்து பேர் வெட்டிய பித்தளை டவரா டம்ளரோடு மலையாளச் சீமையிலிருக்கும் இந்த ஸ்ரீவராகத்துக்கு வந்தாள். அந்தப் புகுந்த வீட்டுக் குடும்பமும் ஆறு தலைமுறைக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்ததுதான். முதலில் வந்துவிட்டதால், பிறகு வந்தவளுக்கு, தமிழ்நாட்டாரை இங்கே இளப்பமாகச் சொல்வதுபோல், 'பாண்டிக்காரி' என்று பேர் வைக்கும் உரிமை அதற்கு இருந்தது. நாத்தனார் சுப்ரியா தேர்ந்தெடுத்த பேர். டம்ளர் இதே திட்டுக்குப் போயிற்று. கோயில் நாகஸ்வரம் கேட்கும்போதெல்லாம் அதைத் தேய்த்துக்கொண்டே ஊரை நினைப்பாள். நாலாம் வருஷம் மாமியார் ஜுரத்தில் கிடந்தபோது, கைக்கு அகப்பட்ட அந்த டம்ளரில் குடித்துவிட்டு, "காப்பி நன்னாருக்கு" என்றாள். மறுநாள் டம்ளர் உள்ளே வந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

ரெம்யாவோ இந்த மண்ணிலேயே பிறந்தவள். அவளையும் வெளியூர்க்காரியாக்க அந்த அடுக்களையால் முடிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை... கை தானே திட்டைத் தேடிப் போயிருக்கிறது.

சுப்புலக்ஷ்மி கிணற்றடிக்குப் போனாள். கிளாஸ்களைக் கழுவி எடுத்துவந்து எல்லாருக்கும் அதிலேயே ஊற்றினாள். எதிர்வீட்டிலிருந்து தினசரிக் காப்பிக்கு வந்த சுப்ரியா முகம் சுளித்தாள்.

"என்ன மன்னி, சாயாக்கடை மாதிரி?"

"சாயாக்கடைதான். என் சம்பந்தியோடது. சுடும், விளிம்பைப் பிடிச்சுக்கோ."

சுப்ரியா அண்ணாவைப் பார்த்தாள். இந்த விஷயத்தில் முப்பது வருஷமாக அபிப்பிராயம் எதுவும் வைத்துக்கொள்ளாத சாம்பசிவன், பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழு கிளாஸையும் குடித்தார்.

"அன்னிக்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சுப்பு," என்றார். "வாயை மூடிண்டு இருந்துட்டேன்."

சுப்ரியா விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சுப்புலக்ஷ்மி மருமகளிடம் ஒரு கிளாஸை நீட்டினாள். "எங்கிட்ட யாரும் மன்னிப்பு கேக்கலைம்மா. கேட்டிருந்தா எவ்வளவு நன்னாருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். நான் பண்ணினது தப்பு... மன்னிச்சுடு."

ரெம்யா கிளாஸை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு அவள் தோளில் முகம் புதைத்தாள். காப்பி ஆறிப்போகும் வரை இருவரும் அழுதார்கள்.

நவநீத்துக்குச் சொல்லத்தான் மறந்துபோனார்கள். சாயங்காலம் கழக்கூட்டத்துக் காலி ஃபிளாட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு வந்தான். கிளாஸ்கள் அடுக்களையில் எவர்சில்வர் டம்ளர்களுக்கு நடுவே இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை.